பட்டன் டப்பாவில் பாதி மாத்திரைகள்

அன்புள்ள மூத்தவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. ஃபோன் என்றால் உன் அம்மா பக்கத்தில் நின்று எல்லாம் நல்லபடியாக இருப்பதாகச் சொல்லச் சொல்லி ஜாடை காட்டுவாள், நானும் சொல்லிவிடுவேன். கடிதத்தில் அந்தப் பேச்சு வேண்டாம்.

சின்னவளுக்கு நாலு மாதமாக மாத்திரை கொடுப்பது உனக்குத் தெரியும். ஆட்டிசத்துக்கு மருந்து கிடையாது, இது மனநோய்க்குக் கொடுப்பது, இவளுடைய ஆவேசத்தை மட்டும் அடக்கும் என்று டாக்டரம்மா ஒளிக்காமல்தான் சொன்னார். சுவரில் தலையை மோதி மோதி நெற்றி புடைத்து, தடுக்கப் போன உன் அம்மாவின் கையையும் கடித்துக் குதறிய பிறகு நாங்கள் வேறு என்னம்மா செய்வது. காலையில் ஒன்று நான் கொடுக்க வேண்டும், சாயங்காலம் ஒன்று அம்மா. பத்தே நாளில் மோதுவது நின்றது, பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், நானும் தையல் கடையைச் சொன்ன நேரத்துக்குத் திறந்தேன். ஆனால் கூடவே ஒரு பசி வந்தது பார், சாப்பிட்டு எழுந்த கையோடு மறுபடி தட்டைத் தூக்கிக்கொண்டு வருவாள், சமையலறைக்குப் பூட்டுப் போட்டோம். அவள் பாவாடை இடுப்பை இரண்டு தடவை பிரித்து விட்டேன், மூன்றாவது தடவை பிரிக்க உள்ளே துணி இல்லை. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். துணி வெட்டும் மேசைக்கு அடியில் உட்கார்ந்து, என் மிஷின் ஓடினால் கூடவே முனகிப் பாடி, நின்றால் நிறுத்துவாளே, அது போய்விட்டது. வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன், வாயோரம் எச்சில் வழிய சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து யாரிடமும் சொல்லாமல் காலை மாத்திரையைப் பிளேடால் பாதியாக வெட்டிக் கொடுத்தேன். மீதியைக் கடையிலிருந்த பழைய பட்டன் டப்பாவில் போட்டேன், ஒரு நூல் துண்டைக்கூடத் தூக்கிப்போடாத கஞ்சன் என்று நீ என்னைக் கேலி செய்வாயே. இரண்டு வாரத்தில் பாட்டு திரும்பி வந்தது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த வாரம் தலையை மோதுவதும் வந்தது. பள்ளிக்கூடத்தில் அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று டாக்டரம்மா கேட்டார். நான் தலையாட்டினேன், உன் அம்மாவும் தலையாட்டினாள். அப்படியானால் இந்த அளவு போதவில்லை என்று இரண்டு மடங்காக எழுதிக் கொடுத்துவிட்டார்.

நேற்று மத்தியானம் ஒரு சட்டைக்குப் பட்டன் தேடி டப்பாவைக் கவிழ்த்தால், நான் போட்டதைப் போல இரண்டு பங்கு கிடக்கிறது. என்னுடையதெல்லாம் பிளேடு வெட்டு, ஓரம் நேராக இருக்கும். மற்றவை நகத்தால் உடைத்து உதிர்ந்தவை. என் ஒளிவிடத்தைக் கண்டுபிடித்து, ஒரு வார்த்தை கேட்காமல், உன் அம்மாவும் அதிலேயே போட்டு வந்திருக்கிறாள்! நான் குறைத்தது கால் பங்கு என்று நினைத்திருந்தேன், பிள்ளைக்குப் போனதே பாதிதான். இப்போது எழுதியிருப்பதைக் கொடுத்தால் அவள் உடம்புக்கு ஒரேயடியாக நாலு பங்கு. ஊருக்கெல்லாம் அளவு எடுக்கிறவன் வீட்டில் இந்த லட்சணம். டப்பாவை உன் அம்மா முன்னால் வைத்தேன். நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாம்ல என்றாள். நீயும் சொல்லியிருக்கலாமே என்றேன்.

புது அட்டையை இன்னும் பிரிக்கவில்லை. நாளைக் காலை டப்பாவோடு டாக்டரம்மாவிடம் போகிறோம். திட்டுவார், திட்டட்டும். உண்மையைச் சொன்னபிறகும் வழி பிறக்குமா என்று தெரியவில்லை. கொடுத்தால் பிள்ளை பாடமாட்டேன் என்கிறாள், குறைத்தால் மண்டையை உடைத்துக்கொள்கிறாள், எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது.

நீ இதற்காக லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே. உன் வேலையும் உடம்பும் நன்றாக இருக்கட்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஒவ்வொரு ஞாயிறும் ஃபோனை எடுத்ததும் சின்னவ சமத்தா இருக்காளா என்று கேட்கிறாய், இனி அப்படிக் கேட்காதே. பாடினாளா, தலையை மோதினாளா, இரண்டையும் சேர்த்துக் கேள். இன்றைக்குக் கேட்டிருந்தால் இரண்டுக்கும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா