முதல் கமெண்ட்

மார்ச் 3

அன்பு வாலுவுக்கு,

நலம்தானே? போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். இதை அவள் காதில் விழாமல் கேட்க வேண்டும், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இரண்டு வாரமாக ஃபேஸ்புக்கில் உன்னைக் காணோம். உன் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வருவதில்லை. போனைக் கடைக்காரரிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "போன் நல்லாத்தான் சார் இருக்கு" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

காலேஜ் படித்தபோது எந்தச் சட்டை போட்டாய், எந்தப் பூனையைப் பார்த்தாய் என்று உலகத்துக்கே சொல்லிக்கொண்டிருந்தாய். "வேற வேலையே இல்லையா?" என்று திட்டியவன் நான். கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானே உள்ளே வந்தேன். நான் ஏறிய நேரம் நீ இறங்கிவிட்டாயா?

உன் பல் டாக்டர் பக்கத்தில் கடைவாய்ப்பல் வலி என்று அடிக்கடி கேள்வி கேட்பாரே, அந்த டீச்சர், அவர் எப்படி இருக்கிறார்?

உன் அப்பா

மார்ச் 19

அன்புள்ள அப்பா,

உங்கள் போனில் கோளாறு இல்லை. நான்தான் உங்களை பிளாக் செய்தேன். போனிலேயே சொல்லிவிட நினைத்தேன். நீங்கள் "சாப்பிட்டியா?" என்று கேட்டதும், "சாப்பிட்டேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

"பல்லைப் பிடுங்கினா ரொம்ப வலிக்குமா டாக்டர்?" என்று டீச்சர் கேட்டிருந்தார். எனக்கு முன்னால் நீங்கள் பதில் போட்டீர்கள்: "பயப்படாதீங்கம்மா. ஆறாம் வகுப்புல ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்த பிள்ளை, இப்ப எவ்வளவு தைரியமா பிடுங்குது பாருங்க!"

கிளினிக் முதலாளியான பெரிய டாக்டர் இதைக் காத்திருப்பு அறையில் சத்தமாக வாசித்தார். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து போய்விட்டார். "அப்பாவை அடக்குங்க, இல்லைன்னா பக்கத்தை மூடுங்க" என்று பெரிய டாக்டர் என்னிடம் சொன்னார்.

அப்பா, இருபது வயதில் ஃபேஸ்புக் எனக்கு வீட்டு வாசல் மாதிரி. வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் பேசுவேன். இப்போது அது வேலை செய்யும் இடம். முகமூடி மாட்டிக்கொண்டுதான் நுழைகிறேன். இதை உங்களிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கோபம்தானே?

உங்கள் மகள்

ஏப்ரல் 6

அன்பு மகளுக்கு,

கோபம்தான், பொய் சொல்ல மாட்டேன். கடிதத்தை உன் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "காலமெல்லாம் பஸ்ஸுல 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னு கத்தின மனுஷன். இவரை யாரு உள்ள விட்டது?" என்றாள்.

பிறகு யோசித்தேன். பள்ளிக்கூட நாளில் தோழிகளோடு நீ என் பஸ்ஸில் ஏறினால் உன்னை வாலு என்று கூப்பிட்டதே இல்லை. மற்ற பிள்ளைகளிடம் கேட்பது போல உன்னிடமும் பாஸ் கேட்பேன். வீட்டுக்கு வந்து முறைப்பாய். பஸ்ஸில் இருந்த அந்தப் புத்தி கமெண்டில் இல்லாமல் போய்விட்டது.

பிளாக்கை எடுக்க வேண்டாம். உன் பிழைப்பு முக்கியம். எனக்கு எங்கள் டிப்போ ஆட்களின் குரூப் இருக்கிறது. ஆரம்பத்தில் விடிந்தால் ஆளுக்கொரு பூப்படம் அனுப்புவோம். பிறகு அரசியல் பேசிச் சண்டை போட்டோம். இப்போது யாருக்கு மாத்திரை வாங்க வேண்டும், யாரோடு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போக வேண்டும் என்பதுதான் பேச்சு. பரவாயில்லை, பொழுது போகிறது.

எப்போதாவது உன் படம் ஒன்றை அம்மா போனுக்கு அனுப்பு. பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா

ஜூன் 11

அன்புள்ள அப்பா,

அந்தக் கிளினிக்கை விட்டுவிட்டேன். சொந்தமாகக் கிளினிக் வைக்கத் தையல் கடைக்கு மேலே ஒரு அறை பிடித்திருக்கிறேன். நீல நாற்காலி ஒன்று, தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று. கீழே மெஷின் ஓடினால் தரை லேசாக அதிரும். கடன் இருக்கிறது. ஆள் வருவார்களா என்ற பயமும் இருக்கிறது.

பழைய கிளினிக்கில் என் கடைசி வாரத்தில் டீச்சர் வந்தார். நாற்காலியில் சாய்ந்ததும், "உங்க அப்பா எங்க, ஆளையே காணோம்?" என்றார். நான் மரத்துப்போகும் ஊசியை எடுத்தேன். "அவர் எழுதினதைப் படிச்சுட்டுத்தானே நான் பல்லைப் பிடுங்கவே வந்தேன். மயங்கி விழுந்தவங்களுக்குத்தான் பயந்தவங்க கஷ்டம் தெரியும்" என்றார். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அழக் கூடாது என்பதால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். ஜூலை முதல் தேதி காலையில் புது அறையின் படத்தைப் போடுவேன். முதல் கமெண்ட் உங்களுடையதாக இருக்க வேண்டும். வைத்தியம் சொல்லக் கூடாது. வாலு என்று கூப்பிடக் கூடாது. மற்றது உங்கள் இஷ்டம்.

உங்கள் வாலு

ஜூலை 2

மரியாதைக்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

நேற்று நான் போட்டதை நீ பார்த்திருப்பாய். இருந்தாலும் சொல்கிறேன். விடிந்ததிலிருந்து போனும் கையுமாக இருந்தேன். படம் வந்தது. உன் நீல நாற்காலி காலியாக இருந்தது. எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். "பிள்ளையைப் பத்தி ஒண்ணும் போட்டுடாதீங்க" என்று உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றாள். கடைசியில் எனக்குத் தெரிந்ததைப் போட்டேன்:

"உள்ள வாங்க. இடம் இருக்கு."

டீச்சர் அதற்கு ஒரு சிரிப்பு போட்டிருக்கிறார். யாரோ ஒருவர் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். எனக்குக் கை பரபரக்கிறது. இன்னும் தொடவில்லை.

பதில் போடலாமா?

உன் அப்பா