ஒன்றேமுக்கால் கிலோ

போடிநாயக்கனூர்,
14-11-1959

அன்பு மகள் லில்லிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகமாயிருக்கிறோம். ரூர்கேலாவில் நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் அப்படியே இருக்க வேண்டுமென்று இருவேளையும் ஜெபிக்கிறோம்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டான், எடை ஒன்றேமுக்கால் கிலோ என்று ஜெர்மன் டாக்டரம்மா சொன்னதாக எழுதியிருந்தாய். அம்மாவுக்கு ராத்தல்தான் தெரியும். "ஒண்ணேமுக்காலா? கோழிக்குஞ்சு மாதிரில்ல இருக்கும், பிழைக்குமா?" என்று அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கிலோ வேறு, ராத்தல் வேறு என்றேன். எவ்வளவு வேறு என்று கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏலக்காய் வியாபாரிகள் கூட்டத்தில் சர்க்கார் புதிதாகக் கொண்டுவந்த இந்தக் கிலோ நமக்கெதற்கு என்று எழுந்து பேசியவன் நான், கடைக்கு இன்னும் புதுக் கல் வாங்கவில்லை. வெட்கத்தை விட்டு, ஒரு ராத்தல் கற்கள் நாலைப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கடை ராஜாராமிடம் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் தராசின் ஒரு தட்டில் ஒன்றேமுக்கால் கிலோவுக்குப் புதுக் கற்களை வைத்தார். மறுதட்டில் நான் ராத்தல் கற்களை ஒவ்வொன்றாக வைத்தேன். மூன்று வைத்தும் அசையவில்லை. நாலாவது வைத்த பிறகுதான் என் தட்டு மெல்லத் தாழ்ந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, லில்லி. நீயும் எட்டு மாதப் பிள்ளைதான். ஏலக்காய் பறிக்கும் நாளில் மலைத் தோட்டத்துக்குப் போயிருந்த அம்மா, மழையோடு இறங்கிவந்து அன்றைக்கே உன்னைப் பெற்றாள். கம்பவுண்டர் எடை பார்க்கச் சொன்னார். வேறு தராசுக்கு எங்கே போவது? நம் கடையில் நிறுவை பார்த்த சோணை தட்டில் துண்டை விரித்தான், நான் உன்னைக் கிடத்தினேன். நாலு ராத்தலுக்குச் சற்றுக் குறைவு. "பயப்படாதீங்கண்ணே, புள்ள வெரசா தேறிரும்" என்றான். சனிக்கிழமைதோறும் உன்னை நிறுத்தோம். ஒரு மாதம் வரை உன் தலைமுடியில் ஏலக்காய் வாசம்தான், அம்மா முகர்ந்துகொண்டே இருப்பாள்.

வீட்டுக்கு ஓடிவந்து, "சாராளு, நம்ம லில்லி எடைதாண்டி" என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பச் சரி" என்று எழுந்து உலை வைத்தாள்.

குழந்தையைப் பஞ்சுத் துணியில் பொதிந்து நெஞ்சோடு வைத்துக்கொள்ளச் சொல்கிறாள் அம்மா. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பார். வாரம் தவறாமல் பிள்ளையை நிறுத்து எழுது. கிலோவிலேயே எழுதம்மா, நாங்கள் பழகிக்கொள்கிறோம்.

உன்னையே நினைத்திருக்கும் அப்பா,
த. தானியேல்