ஒன்றும் மூன்றும் என்னிடம், இரண்டும் நான்கும் உன்னிடம்

புது லேப்டாப்பின் அட்டைப் பெட்டியைக் கத்தியால் கீறித் திறந்ததும் ஒரு வாடை வந்தது. பிளாஸ்டிக்கும் பசையும் கலந்த வாடை. நம் ஃபேக்டரியில் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற இடத்தைத் தாண்டும்போது மூக்கில் ஏறுமே, அதற்குத் தூரத்துச் சொந்தம். மகன் பெங்களூரிலிருந்து அனுப்பியிருக்கிறான். "பழசைத் தூக்கிப் போடுங்கப்பா, பாக்கவே பேஜாரா இருக்கு" என்றான் போனில். கம்ப்யூட்டரைத்தான் சொன்னான் என்று நம்புகிறேன்.

புதியது சாப்பாட்டுத் தட்டு கனம்கூட இல்லை. டிஸ்க் போட எங்கேயும் வழியில்லை. நான்கு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டேன். தினமும் திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி, மீட்பு நகல் இன்னும் எடுக்கவில்லை, இப்போது எடுக்கலாமா என்று கேட்கிறது. நானும் தினமும் 'பிறகு' என்பதை அழுத்துகிறேன். ரத்தப் பரிசோதனைக்கும் 'பிறகு'. நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று பென்ஷன்காரர்களிடம் போய் முகம் காட்டுவதற்கும் 'பிறகு'. களைப்பாக இருக்கிறதப்பா. எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வேலை செய்து வந்த களைப்பு என்றால் தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்ததும் கூடவே எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.

நீ இருந்தால் இந்தப் பெட்டியைப் 'பிறகு' என்று தள்ள விடமாட்டாய். "லைன்ல ஒரு ஜோடி ஏறதுக்கு முன்னாடி சாம்பிளுக்கு சீல் வெச்சிடணும்" என்பாய். உனக்கு உலகத்தில் எல்லாமே சாம்பிள் ரூம்தான்.

ஆம்பூரில் அந்த ஃபேக்டரியில் நீ சாம்பிள் ரூம் இன்சார்ஜ், நான் எக்ஸ்போர்ட் செக்ஷனில் டாகுமெண்ட் தட்டுகிறவன். நீ ஷூ செய்வாய், நான் அதைப் பற்றி ஆங்கிலத்தில் பொய் சொல்வேன். ஷூ வாங்க வரும் வெளிநாட்டுப் பையர் ஒரு ஜோடியைப் பார்த்து ஒப்புக்கொண்டால் அதில் கையெழுத்து வாங்கி சீல் வைப்பீர்கள். இடது கால் அவரோடு விமானம் ஏறும். வலது கால் உன் பீரோவில் இருக்கும். பின்னால் ஆயிரக்கணக்கில் செய்கிற ஜோடிகளில் நிறம் மாறிவிட்டது, தையல் மாறிவிட்டது என்று தகராறு வந்தால் அவர் இடதைக் காட்டுவார், நீ வலதைக் காட்டுவாய். உன் பீரோவைத் திறந்தால் ஒற்றைக்கால் மனிதர்களின் மாநாடு மாதிரி இருக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் கழித்து நீ லேப்டாப் வாங்கினாய். எஸ்தர் நர்சிங் முடித்து, கல்யாணமாகி, குவைத்துக்குப் போயிருந்தாள். ஒரே மகளின் முகத்தை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அந்த லேப்டாப்பின் வேலை. பாஸ்டரை வரவழைத்து அதற்கு ஜெபம் பண்ணச் சொன்னாய். அவர் ஆபிரகாமில் ஆரம்பித்து லேப்டாப்புக்கு வந்து சேர்வதற்குள் திரை தூங்கிவிட்டது. ரிப்பேர் ஆகிவிட்டதென்று பதறி நீ ஜெபத்தின் நடுவிலேயே கண்ணைத் திறந்தாய். நான் எப்படிப் பார்த்தேன் என்று கேட்காதே.

பாஸ்டர் போனதும் பெட்டியைக் கவிழ்த்து, தெர்மாகோலை உடைத்து, உடைந்ததையும் உதறிப் பார்த்தாய்.

"சி.டி.யே இல்லய்யா. ஏமாத்திட்டான்."

நான் கூட வந்த சின்னப் புத்தகத்தைப் படித்தேன். "அவங்க தரமாட்டாங்களாம்பா. உள்ள எல்லாம் இருக்குதாம். ஒருநாள் மிஷின் படுத்துட்டா திருப்பி எழுப்பறதுக்கு நாமளே டிஸ்க் போட்டு வெச்சுக்கணுமாம். ஒரே ஒரு செட்டுதான் போட விடும்."

"ஒரே ஒரு செட்டா?" உன் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப இது சீல் சாம்பிளு."

நான்கு வெற்று டி.வி.டி. வாங்கி வந்தோம். அன்றைக்கு உன் வீட்டில் நடந்த கெடுபிடி எந்தப் பையர் வந்தபோதும் ஃபேக்டரியில் நடந்ததில்லை. தூசி பறக்கும் என்று ஃபேனை நிறுத்தினாய். வோல்டேஜ் இறங்கும் என்று மிக்ஸியைத் தடை செய்தாய். உன் மனைவியை நம் தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும். அவர் சமையலறை வாசலில் தேங்காய்ச் சில்லோடு நின்று, "இன்னாங்க, வீட்டுக்கு லேப்டாப் வாங்கினீங்களா, ஐ.சி.யூ. வாங்கினீங்களா?" என்றார். நீ உதட்டில் விரல் வைத்தாய். டிஸ்க் எழுதுகிற மிஷினுக்குக் காது உண்டென்று நினைத்தாயோ என்னவோ.

நான்கும் முடிந்ததும் மார்க்கர் பேனாவால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக் கையெழுத்திட்டாய். என்னையும் கையெழுத்துப் போட வைத்தாய். பிறகு ஒன்றையும் மூன்றையும் எடுத்து என் கையில் கொடுத்தாய்.

"இத இன்னாத்துக்கு என்கிட்ட தர்ற?"

"இடது கால் பையர்கிட்ட. வலது கால் ஃபேக்டரியில. ரெண்டும் ஒரே பீரோவுல இருந்து எலி பூந்துச்சுன்னா?"

"சரி. உன் வீட்டு ரெண்டை எலி கடிச்சிடுச்சுன்னு வெச்சுக்க."

"உன் வீட்டு ரெண்டு இருக்குதே."

"அத வெச்சுக்கினு நான் இன்னா பண்றது? நாலும் இருந்தாத்தான்யா வேலை செய்யும். இது ஷூ இல்ல."

"நீ டாகுமெண்ட் ஆளு. உனக்கு சாம்பிள் மேட்டர் புரியாது" என்று சொல்லி டீயைக் குடித்தாய். ஒற்றை ஷூவை வைத்து நிறம் பார்க்கலாம், தையல் பார்க்கலாம். பாதி டிஸ்க்கை வைத்து முகம் பார்க்கத்தான் முடியும், அதுவும் கலங்கலாக. சொல்லிச் சொல்லி ஓய்ந்து, வீட்டுக்குக் கொண்டுபோய் என் மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்தேன். "உங்க தோஸ்துக்குப் பித்தம் ஜாஸ்தி" என்றாள் அவள்.

அப்புறம் சபையில் கமிட்டித் தேர்தல் வந்தது. ஞாயிறு பள்ளிக் கொட்டகைக்கு கான்கிரீட் கூரையா, ஷீட்டா என்பதுதான் பிரச்சினை. நீ கான்கிரீட் கட்சி, நான் ஷீட் கட்சி. உலக சமாதானத்துக்கே அதுதான் தடை என்பதுபோலப் பேசினோம். கடைசியில் கூரையே வேண்டாம் என்று சொன்ன மூன்றாவது கோஷ்டி ஜெயித்தது. இரண்டு பேரும் தோற்றோம். தோற்றவர்கள் ஒன்றாக உட்கார்ந்து அழுதிருக்கலாம். நாம் பேச்சை நிறுத்தினோம். ஃபேக்டரி பஸ்ஸில் வேறு இடம் இல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார நேர்ந்தால் நீ ஜன்னலைப் பார்ப்பாய். எனக்கு ஜன்னல் கிடையாது, டிரைவரின் முதுகைப் பார்ப்பேன். அந்த முதுகை இன்றைக்குக் கேட்டாலும் வரைந்து காட்டுவேன்.

அந்தச் சமயத்தில்தான் உன் லேப்டாப் படுத்தது. டீச்சர் காய்கறிக் கடையில் என் மனைவியிடம் சொல்லி எனக்குத் தெரிந்தது. வேலூரில் ஒரு கடைக்காரர் ஹார்ட் டிஸ்க் போய்விட்டதென்று புதிதாக ஒன்று மாட்டி, தன் கைவசம் இருந்த திருட்டு விண்டோஸ் நகலை ஏற்றித் தந்தாராம். எல்லாம் ஓடியது, கேமராவைத் தவிர. அதை எழுப்புகிற சங்கதி அந்த நான்கு டிஸ்க்கில்தான் இருந்தது.

எஸ்தர் அப்போது மாசமாக இருந்தாள். படுக்கையை விட்டு எழக்கூடாது என்று அங்கே சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் முகம் உங்களுக்குத் தெரிகிறது, உங்கள் முகம் அவளுக்குத் தெரியவில்லை. நர்ஸ் புத்தி, கேட்க வேண்டுமா? அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, மூக்கில் டியூபோடு படுக்கவைத்துவிட்டு மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். குரல் கேட்கிறதே என்றால், "குரல் நல்லாத்தான் இருக்கும். எத்தினி பேஷண்டைப் பாத்திருக்கேன்" என்றாளாம். அடுத்த வாரமும் முகம் தெரியாவிட்டால் டிக்கெட் போட்டு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். அந்த நிலைமையில் விமானம் ஏறினால் பிள்ளை தங்காது. அது அவளுக்கே தெரியும். தெரிந்தும் ஏறுவாள், உன் பிடிவாதம் அப்படியே அவளிடம் இருந்தது.

சனிக்கிழமை மதியம் நீ என் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றாய். தோளில் லேப்டாப் பை. காற்று தோல் பதனிடும் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. மூக்கைச் சுளித்தபடி நின்றாய், அது காற்றுக்கா எனக்கா என்று தெரியவில்லை.

"நான் பேச வரல. டிஸ்க் வாங்க வந்தேன்."

"பேசாமயே தர்றேன். ஆனா வெளிய அனுப்ப மாட்டேன். பையர் சாம்பிளு. இங்கியே போட்டுக்க."

"ஷீட்டுக் கட்சிக்காரன் வூட்ல நான் உக்கார மாட்டேன்."

"மேல பாருய்யா. கான்கிரீட்டு."

நீ நிஜமாகவே அண்ணாந்து பார்த்தாய். உன் வீட்டுக்குத்தான் ஷீட். கான்கிரீட்டுக்கு அடியில் இருந்துகொண்டு நானும், ஷீட்டுக்கு அடியில் இருந்துகொண்டு நீயும் எதற்குத் தொண்டை வறளக் கத்தினோம் என்று ஒரு கணம் இரண்டு பேருக்குமே தோன்றியிருக்க வேண்டும். நீ செருப்பைக் கழற்றினாய்.

முதல் டிஸ்க்கைப் போடு என்றது மிஷின். நான் நீட்டினேன். இரண்டாவது என்றது. நீ பையிலிருந்து எடுத்தாய். நடுவில் ஒரு வார்த்தை கிடையாது. என் மனைவி சேமியா பாயசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஆளுக்கு ஒரு வாய் பேசினா டிஸ்க் தேஞ்சுடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது. என்னிடம் இருந்த டிஸ்க். பட்டுப்புடவையின் ஜரிகை உரசியிருக்கிறது. உனக்கு வேர்த்தது. எனக்கும்தான். அதை வெளியே எடுத்து, 'ஹா' என்று ஊதி, பாலிஷுக்கு என்று நீ எப்போதும் பேண்ட் பையில் வைத்திருக்கும் துணியால், ஷூ மூக்கைத் துடைக்கிறாற்போல மெதுவாகத் துடைத்தாய். மறுபடி போட்டாய். திரையில் நின்றிருந்த கோடு நகர்ந்தது.

"போவுது" என்றாய்.

"போவுது" என்றேன்.

தேர்தலுக்குப் பிறகு நாம் வீம்பில்லாமல் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

கேமரா விளக்கு எரிந்ததும் உடனே எஸ்தருக்கு மிஸ்டு கால் கொடுத்தோம். திரையில் வந்தவள் அழவில்லை, சிரிக்கவில்லை. "அப்பா, கிட்ட வாங்க. கண்ணைக் கீழ இழுத்துக் காட்டுங்க. நாக்கை நீட்டுங்க. நடங்க பாக்கலாம்" என்றாள். நீ என் கூடத்தில் நடந்து காட்டினாய், ஃபேஷன் ஷோ மாதிரி. அப்புறம்தான் அவள் முகம் உடைந்தது.

"சரிப்பா. நான் வர்ல" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பின்னாடி யாரு, மாமாவா? ரெண்டு பேரும் பேசிக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"பேசிக்கினுதான் இருக்கோம்" என்று சொல்லி, மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாய். "பேசுய்யா."

பேரன் நல்லபடியாகப் பிறந்தான். நீ போனபோது பெட்டிக்கு முன்னால் நின்று அழுதவன், உன்னைவிட ஒரு சாண் உயரமாக இருந்தான். அந்த லேப்டாப் உனக்கு முன்னாலேயே ஒரேயடியாகப் போய்விட்டது. இரண்டையும் நான்கையும் டீச்சர் என்ன செய்தாரோ, கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் உன்னால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. சண்டை போட்டவர்களின் பொருளை நான் திருப்பிக் கொடுப்பதில்லை. மைத்துனனின் ஏணி என் வீட்டு சந்தில் கிடக்கிறது. சபைப் பொருளாளரின் குடை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. எதிர்வீட்டுக்காரரின் பெரிய பிரியாணி தேக்சா பரணில் இருக்கிறது. "குடுத்துத் தொலைங்களேன், எடம் அடைக்குது" என்கிறாள் மனைவி. வந்து கேட்கட்டும் என்கிறேன். இப்போதெல்லாம் நானாகப் போய் யாரையும் சமாதானப்படுத்தத் தெம்பில்லை. சண்டை போடவே ஆள் கம்மியாகிவிட்டார்கள். இருக்கிறவர்களையாவது கதவு வரைக்கும் வரவைக்க வேண்டாமா?

போன வாரம் மைத்துனன் வந்தான். வாசற்படியிலேயே நின்று, அவசரமாக ஏணி வேண்டும் என்று விறைப்பாகச் சொன்னான். உட்காரச் சொன்னேன். டீ வந்தது. அவன் சர்க்கரை அளவைச் சொன்னான், நான் என்னுடையதைச் சொன்னேன், யாருக்கு ஜாஸ்தி என்று கொஞ்ச நேரம் தர்க்கம் செய்தோம். வெயில் தாழ எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருமுனை வரைக்கும் வெறுங்கையோடு நடந்தான். நானும் கூப்பிடவில்லை.