நாற்காலியில் ஒரு தொப்பி

1768 பிப்ரவரி 11, ஸ்டோவர்லி

என் கணவர் லயனல் கப்பலேறி இன்றோடு பன்னிரண்டு நாள். லிஸ்பன் வெயில் பட்டால் இருமல் நின்றுவிடும் என்றார் வைத்தியர். நானும் கூடப் போகத்தான் பெட்டி கட்டினேன். மாமனார் விடவில்லை.

"தேர்தல் வருதும்மா. அவன்தான் மறுபடி நிக்கறான். அவன் இல்லாத குறைக்கு நீயாவது நாலு வாசப்படி ஏறணும். முடிஞ்சதும் நானே உன்னைக் கப்பலேத்தி விடறேன்."

லயனல் தன் அப்பாவின் பிரபுப் பட்டத்துக்கு வாரிசு, ஊருக்குப் பாராளுமன்ற உறுப்பினர். இருபத்தாறு வயதுக்குள் எல்லாருக்கும் சொந்தமாகிவிட்டார். எனக்கு எப்போது?

பிப்ரவரி 19

ஓட்டுக் கேட்டுப் பதினான்கு வீடுகள். ரொட்டிக்கடை கப்பின்ஸின் மனைவி கேக் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "ஓட்டு இங்க, ஆள் போர்ச்சுகல்லயா? திரும்பி வருவாராம்மா?"

"வருவார்."

"சத்தியமா?"

"சத்தியமா" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

மார்ச் 5

கடிதம் வந்தது. தங்கியிருக்கும் வீட்டுத் தோட்டத்தில், எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். "பக்கத்து நாற்காலி காலி. நீ வரும்வரை அதில் என் தொப்பி உட்கார்ந்திருக்கிறது."

தாளை முகர்ந்து பார்த்தேன். வெறும் மை வாசனைதான். ஆனாலும் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 14

கடிதம் இல்லை. கப்பலுக்கு எதிர்க்காற்றாம்.

மார்ச் 22

ஜெயித்துவிட்டோம், பதினொரு ஓட்டில். ஜெயித்தவரை அலங்கார நாற்காலியில் தூக்கிச் சந்தையை மூன்று சுற்று வர வேண்டும். உட்காரத்தான் ஆள் இல்லை.

தேர்தல் வேலை பார்க்கும் ட்விஸ்டன் தலையைச் சொறிந்தார். "வெறும் நாற்காலி போனா நல்லாவா இருக்கும்? ஐயா தொப்பி ஏதாவது வீட்ல இருக்குங்களா?"

நீலத் தொப்பியை நானே எடுத்துக் கொடுத்தேன். ரிப்பனால் கட்டித் தோளில் தூக்கினார்கள். கப்பின்ஸின் மனைவி என் விலாவில் இடித்தாள். "இது நல்ல ஆளு. இருமவே மாட்டேங்குது."

எல்லாரும் சிரித்தோம். நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

மாமனார் சொன்ன சொல் தவறவில்லை. ஏப்ரல் நாலாம் தேதிக் கப்பலில் இடம் பிடித்துவிட்டார். பெட்டியை மறுபடி கட்டினேன்.

மார்ச் 29

லயனல் தங்கியிருந்த லிஸ்பன் வீட்டின் சொந்தக்காரி எழுதியிருக்கிறாள். மார்ச் ஒன்பது, விடிகாலையில் மூச்சு அடங்கிவிட்டதாம்.

ஒன்பதாம் தேதியே. அப்புறம் பதிமூணு நாள் கழிச்சு அவரைத் தூக்கிச் சுத்தினோமே. நான் சிரிச்சேனே. போயிருக்கணும். பெட்டி கட்டி வச்சிருந்தேனே — ஏன் தங்கினேன்?

ஏப்ரல் 4

கப்பல் போய்விட்டது. என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

ஏப்ரல் 16

மறுபடி தேர்தல். கொழுந்தன் நிற்கிறான். "வீட்டுக்கு வீடு உன்னைத்தாம்மா தெரியும். இந்த ஒரு தடவை மட்டும்..." மாமனார் கெஞ்சினார். பாவமாகத்தான் இருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மதியம் கப்பின்ஸின் மனைவி வந்தாள். மடித்த துணிக்குள் நீலத் தொப்பி. "அன்னிக்கு நான்தான் அவுத்து எடுத்து வச்சேன். வந்ததும் அவர் கையிலயே குடுக்கலாம்னு இருந்தேன்."

"நான் சத்தியம் பண்ணினேனே" என்றேன். அவள் என் கையை விடவில்லை.

நாளைக்கு லிஸ்பனுக்குக் கப்பல். பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே தொப்பியை வைத்திருக்கிறேன். எலுமிச்சை மரத்தடியில் இருந்த இரண்டு நாற்காலிகளையும் எடுக்க வேண்டாமென்று அந்த வீட்டுச் சொந்தக்காரிக்கு எழுதிவிட்டேன்.