திரும்பாத கார்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்கா போடறாங்களா? நான் நல்லா இருக்கேன்.

நான் டயர் மாட்டற பந்தயத் தடத்துல போன வாரம் ஒரு வேடிக்கை. ஒரு ஸ்போர்ட்ஸ் கார்க்காரர், "பின் டயரை மட்டும் அகலமா போட்டுப் பாப்போம்மா, பிடிப்பு கூடும்"னார். எனக்கும் சரின்னு பட்டுது, மாட்டிட்டேன். பின்னாடி பிடிப்பு கூடினதுக்கு முன் டயர் ஈடு கொடுக்கலை. வளைவுல ஸ்டியரிங்கைத் திருப்பியும், கார் நேரா நான் நின்ன பக்கமே வந்து, கைக்கெட்டற தூரத்துல நின்னுது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

அவர் பதறி இறங்கி, "பயந்துட்டியாம்மா?"ன்னார்.

"இல்லை சார், முன்னாடியும் ஒரு சைஸ் பெரிசா போடணும்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க.

நிஜமாவே பயம் வரலைப்பா. முன் டயரையும் மாத்தினதும் கார் அழகா திரும்புச்சு. அப்போ சந்தோஷமும் வரலை. அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்.

தடிமனா ரெண்டு ஜோடி சாக்ஸ் அனுப்புங்க. அப்புறம், நான் போன் பண்றப்போ டிவியை அணைக்காதீங்க. நீங்களும் அம்மாவும் சண்டை போட்டுக்கிட்டு இருந்தா எனக்காக நிறுத்தாதீங்க. போனைப் பக்கத்துல வெச்சுட்டு போடுங்க, கேட்டுக்கிட்டு இருக்கேன். அந்தச் சத்தம் கேட்டாதான் எனக்கு ஏதாவது தோணுது.

கூப்பிடறாங்க, அடுத்த கார் வந்துடுச்சு.

உங்க மூத்தவ