முப்பத்திரண்டில் எட்டு

தென்னூர், திருச்சி
14-9-1958

அன்புள்ள மாப்பிள்ளை கிளமென்ட்டுக்கு,

நாங்கள் சுகம். தம்பி கல்கத்தா மீனைத் தின்று நம்மை மறந்துவிட்டான் என்று உன் அக்கா பேட்ரிசியா முனகுகிறாள். எனக்கும் அதில் சம்மதம்தான்.

பட்டறை விஷயமாக உன் உதவி வேண்டும். அரியமங்கலத்தில் நாங்கள் செய்யும் பம்ப் ஸ்டவ்வின் எண்ணெய்த் தொட்டி, ஈயம் பற்றவைத்த இடத்தில் விட்டுப்போகிறது. போன மாதம் மலைக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் தீப்பிடித்தது. ஆள் தப்பியதே பெரிது. தகட்டின் கனம், பற்றவைக்கும் சூடு, ஈயம் ஒட்டத் தூவும் பற்றுப்பொடி, ஈயக் கலவை, ஆறவிடும் விதம் என்று ஐந்து சந்தேகம். ஒவ்வொன்றிலும் இரண்டு விதம். எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்க்க முப்பத்திரண்டு தொட்டி வேண்டும். "எட்டுக்கு மேல பித்தளை கிடையாது. வைகுண்ட ஏகாதசிக்குள்ள ஸ்ரீரங்கம் கடைகளுக்குச் சரக்குப் போகணும்" என்கிறார் முதலாளி. நீ படிப்பது இந்த மாதிரிக் கணக்குத்தானே?

தைரியராஜ்


கல்கத்தா
23-9-1958

அன்புள்ள மச்சானுக்கு,

எட்டே போதும். எந்த எட்டு என்பதில்தான் வித்தை இருக்கிறது. அட்டவணை அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு காரணமும் நான்கு தொட்டியில் ஒரு விதமாகவும் நான்கில் மறு விதமாகவும் வரும். எட்டுத் தொட்டியும் சேர்ந்து ஐந்து கேள்விக்கும் பதில் சொல்லிவிடும்.

இதில் நட்டமும் உண்டு, மறைக்க மாட்டேன். இரண்டு காரணம் கூடிச் செய்யும் வேலை, மூன்றாவது ஒன்று செய்ததுபோல வேஷம் போட்டு நிற்கும். எட்டை வைத்துக்கொண்டு அதைப் பிரித்தறிய முடியாது. ஆனால் கூடிச் செய்யும் வேலை பெரும்பாலும் அற்பமாகத்தான் இருக்கும். அக்காவிடம் மீன் விலை இங்கும் ஏறிவிட்டது என்று சொல்லுங்கள்.

கிளமென்ட்


தென்னூர்
30-10-1958

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எட்டையும் ஒரு பகல் முழுக்க எரித்துப் பார்த்தோம். காற்றில் ஆறவிட்ட நான்கும் விட்டுப்போயின. தண்ணீரில் முக்கி ஆறவிட்ட நான்கும் நின்றன. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

எனக்குத்தான் உறுத்துகிறது. மெல்லிய தகடு அதிகச் சூட்டைத் தாங்காது, கனத்த தகட்டுக்குக் குறைந்த சூடு பற்றாது. பட்டறையில் ஈயம் பற்றவைக்கிற வீரமலையும், "தகட்டையும் சூட்டையும் பிரிச்சுப் பார்க்கக் கூடாதுங்க" என்கிறான். உன் கணக்கில் அதற்கு இடம் இருக்கிறதா?

தைரியராஜ்


கல்கத்தா
8-11-1958

அன்புள்ள மச்சானுக்கு,

கைக்குத் தெரிந்தது என்பது பல சமயம் வெறும் பழக்கம்தான். நான்குக்கு நான்கு, இதைவிடத் தெளிவு வேண்டுமா? தண்ணீரில் ஆறவிட்டால் தகடும் சூடும் எப்படி இருந்தாலும் ஒன்றுதான். செலவு குறைய மெல்லிய தகடு போடுங்கள், வேலை சீக்கிரம் முடிய அதிகச் சூடு வையுங்கள். சந்தேகமென்றால் இன்னும் எட்டு செய்யலாம், ஆனால் கட்டாயமில்லை. அடுத்த மாதம் கணக்கு ஆராய்ச்சிக்காரர்கள் கூட்டம் ஒன்றில் இதைக் கட்டுரையாக வாசிக்கப் போகிறேன். வீரமலைக்கும் சொல்லுங்கள்.

கிளமென்ட்


தென்னூர்
2-12-1958

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை முதலாளியிடம் காட்டி இன்னும் எட்டுத் தொட்டிக்குப் பித்தளை கேட்டேன். "உங்க மச்சினரே கட்டாயமில்லேன்னு எழுதியிருக்காரே" என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நீ சொன்னபடி ஒரு அடுப்பு செய்து அரை மணி காற்றடித்தோம், கசியவில்லை. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். புது மாதிரியில் முதல் அடுப்பு போர்மேனான என் வீட்டில் பத்து நாள் எரியவேண்டும், அப்புறம்தான் கடைக்கு. இன்று வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். தம்பி கணக்குப் போட்ட அடுப்பு என்று அடுத்த வீட்டு ரோசரியிடம் பேட்ரிசியா இப்போதே பீற்றிக்கொண்டிருக்கிறாள்.

தைரியராஜ்


கல்கத்தா
14-12-1958

அன்புள்ள மச்சானுக்கு,

ரோசரி கொடுத்த தந்தி வந்தது. தொட்டி வெடித்தது, அக்கா இறந்துவிட்டாள் என்று மட்டும் இருந்தது. இன்றே ரயில் ஏறினாலும் அடக்கத்துக்கு வந்துசேர முடியாது.

அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். மெல்லிய தகடும் அதிகச் சூடும் சேர்ந்து வந்தவை இரண்டே தொட்டி. இரண்டையும் காற்றில் ஆறவிடும்படிதான் நான் போட்டிருந்தேன். அவை விட்டுப்போனது காற்றாலா, தகடும் சூடும் சேர்ந்ததாலா என்று அந்த எட்டால் சொல்லவே முடியாது. நீங்கள் கேட்டது இதைத்தான். அது எனக்குத் தெரியாமல் இல்லை. கூட்டத்தில் வாசிக்கும் அவசரத்தில் தெரியாததுபோல எழுதினேன். மெல்லிய தகடு, அதிகச் சூடு, தண்ணீர் என்று நான் செய்யச் சொன்ன அடுப்பு அந்த எட்டில் இல்லவே இல்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறேன். திட்டுங்கள், அடியுங்கள். வராதே என்று மட்டும் சொல்லாதீர்கள், மச்சான்.

கிளமென்ட்


தென்னூர்
2-1-1959

திரு. கிளமென்ட் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மீதி இருபத்து நான்கையும் செய்து முடித்தோம். இப்போது முதலாளி கேட்ட அளவு பித்தளை தருகிறார். மெல்லிய தகட்டில் அதிகச் சூடு வைத்த ஆறும் விட்டுப்போயின. அதில் நான்கு தண்ணீரில் முக்கியவை. தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எண்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன், தங்களுக்கு உதவும்.

பூசைக்குத் தாங்கள் வர வேண்டாம். கோபத்தால் சொல்லவில்லை. தங்கள் முகத்தைப் பார்த்தால் நான் செய்தது ஞாபகம் வரும். சந்தேகத்தோடுதான் அந்த அடுப்பைச் சைக்கிளில் வைத்துக் கட்டினேன். கெட்டால் ஊரார் வீட்டில் வேண்டாம், நம் வீட்டோடு போகட்டும் என்பதுதான் அந்தப் பத்து நாள் வழக்கம். இருபது வருஷமாக அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் அடுப்பைப் பற்றவைப்பது நான் இல்லை, அவள்தான் என்பது ஒரு நாளும் எனக்கு உறைக்கவில்லை.

தைரியராஜ்