அம்பாசிடருக்குப் பெரிய பிஸ்டன்

வியாழன் இரவு

என் பழைய அம்பாசிடரின் இன்ஜினை இன்று மந்தைவெளி ஷெட்டில் பிரித்துப் போட்டாயிற்று. வேகம் கூட வேண்டும் என்று கேட்டது நான்தான். சிலிண்டரை நன்றாகக் குடைந்து, இருப்பதிலேயே பெரிய பிஸ்டன் போடலாம் என்றான் மெக்கானிக் அன்வர். சுவர் மெலிந்து விரிசல் விட்டால் இன்ஜின் வெறும் இரும்புதான்.

"ஒண்ணும் ஆவாது மாமா. ஈசிஆர்ல பறக்கும்."

எனக்கும் ஆசைதான். ஆனால் சாயம் போகாது என்று அடித்துச் சொல்லும் ஜவுளிக்காரர்களிடம் கடையில் நான் கேட்பதைத்தான் இவனிடமும் கேட்டேன்.

"போனா நீ பொறுப்பா? உன் அம்பாசிடருக்குன்னு ஒரு இன்ஜின் வச்சிக்கினு கீறியே, அதைத் தருவியா?"

அன்வர் வெகுநேரம் கையைத் துடைத்தான்.

"அப்போ ஒரு சைஸ் கம்மியாவே போலாம் மாமா. அதுக்கு நான் பொறுப்பு."

இருவரும் சிரித்துவிட்டோம். வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. ஒரு சைஸ் சின்ன பிஸ்டன். அப்படியும் விரிசல் விட்டால் அவன் இன்ஜின் எனக்கு.